வீட்டு ஆட்டக்காரர் பேனாட் மாஸ்டர் சோஸ்டுக்குப் போன கதை

இரவில் வானத்தில் வட்டமாக, வெள்ளையாக ஒன்று தெரிகிறதே, அதை நிலா என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்றோடு திருந்தவேண்டும். அது 1987ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் பேனாட் மாஸ்டர் கூடையை நோக்கி எறிந்த பந்து. இன்னும் கீழே வரவில்லை. கூடைப்பந்தாட்டத்தின் தந்தையும் தாயும் தாய்மாமனும் அவரே. அவர் குதித்தால் மண்டபத்துக் கூரை ஒதுங்கி வழிவிடும். ஐரோப்பாக் கண்டத்தில் பந்து தட்டி ஊதியம் பெற்ற முதலாவது தமிழ் மகன் பிறந்த வேளையில் யாழ்ப்பாணத்துத் தேவாலய மணிகள் ஆள் இல்லாமலே அடித்தன.

மேலே உள்ள பந்தி எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர் கல்யாணசுந்தரம் அண்ணைக்காக எழுதப்பட்டது. கழகத்தின் இருபதாவது ஆண்டு மலருக்கு மாஸ்டரின் வாழ்க்கைக் குறிப்பு வேண்டும், "பொன்னாடை போர்த்தின மாதிரி எழுது" என்று சொன்னார். போர்த்தியாயிற்று. இனி அதைக் கழற்றிவிட்டு ஆளைப் பார்ப்போம்.

ஆளுக்கு அறுபத்து மூன்று வயது. உயரம் அப்படியொன்றும் இல்லை. வயிறு உண்டு. கழுத்தில் எப்போதும் ஒரு விசில். பூசைக்கும் அதோடுதான் வருவார். வேலை முதியோர் இல்லத்தில். அங்கே கிழவர்களைக் கட்டிலில் இருந்து தூக்கும்போதும் முழங்காலை மடித்து, கைகளை விரித்து, எதிரணிக்காரனை மறிப்பதுபோலத்தான் நிற்பார் என்று அவருடைய மனைவி பிளோறன்ஸ் அன்ரி சொல்கிறா. அவவும் அதே இல்லத்தில்தான் வேலை. ஆகவே இது கண்ட சாட்சி.

பிறந்தது யாழ்ப்பாணத்துக் குருநகரில். பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் பந்து பழகினார். 1985இல் கிழக்கு பேர்லினில் வந்து இறங்கி, இந்தப் பக்கம் கடந்து, அகதியாகப் பதிந்து, கடைசியில் ஹம் நகரத்து அகதி விடுதிக்கு வந்து சேர்ந்தார். ஓர் அறையில் எட்டுப் பேர். விடுதிக்குப் பின்னால் ஒரு விளையாட்டு மண்டபம். ஒருநாள் அதன் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. மாஸ்டர் அதை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே இடக்கையால் தலைக்கு மேலாகச் சுழற்றி எறிந்தார். பந்து வாசல் வழியே உள்ளே போய்க் கூடைக்குள் விழுந்தது. அன்றைக்கே அவரை அணியில் சேர்த்தார்கள்.

இது அவர் சொல்லும் கதை. ஒவ்வொரு வருடமும் அந்தக் கதவு கூடையிலிருந்து ஒரு மீற்றர் பின்னால் போகிறது. இன்னும் கொஞ்சக் காலம் போனால் அவர் குருநகரில் நின்றே எறிந்திருப்பார்.

ஊதியம் பெற்ற வீரர் என்றேன். அது பொய்யில்லை. அந்தக் காலத்தில் அகதியாகப் பதிந்தவர்கள் வேலை செய்யக்கூடாது, சம்பளம் வாங்கக்கூடாது. ஆனால் மாஸ்டர் ஆடின அணியின் தலைவருக்கு ஓர் இறைச்சிக் கடை இருந்தது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு பை சொசேஜ். அதை விடுதிக்குக் கொண்டுபோனதும் எட்டுப் பேரும் வெட்டி, யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் கறி வைப்பார்கள். இதனால் மாஸ்டருக்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டம் சேர்ந்தது. மற்ற ஏழு பேரும் ஒரு ஆட்டமும் தவறவிடாமல் வந்து, கூடைப்பந்தில் ஒன்றும் விளங்காமல், அவர் பந்தைத் தொட்டாலே எழும்பி நின்று கத்துவார்கள். கறிக்காகக் கத்தினவர்களை ரசிகர்கள் என்று சொல்லலாமா என்று நான் ஒருதரம் கேட்டேன்.

"உனக்காக ஆராவது கறிக்கெண்டாலும் கத்தியிருக்கினமோடா?" என்று கேட்டார்.

அதை விடுவோம்.

இனிமேல்தான் விசயம். அகதியாகப் பதிந்தவர்கள் தங்களைப் பதிந்த நகரத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்தது. தாண்டுவதென்றால் அரசாங்கக் கந்தோரில் அனுமதி கேட்கவேண்டும், தக்க காரணம் காட்டவேண்டும். பல்லுக்குத்து ஒரு காரணம். சாவீடு ஒரு காரணம். கூடைப்பந்து காரணமே இல்லை. ஆகவே மாஸ்டர் ஹம் நகரத்துக்குள் நடந்த ஆட்டங்களில் மட்டும் விளையாடினார். வெளியூர் ஆட்டமென்றால் அணி பஸ்ஸில் ஏறும், அவர் நின்று கை காட்டுவார். அந்தப் பருவத்தில் அவருடைய அணி சொந்த மண்டபத்தில் ஒன்றும் தோற்கவில்லை, வெளியே ஒன்றும் வெல்லவில்லை. உலகத்திலேயே எல்லை வரைக்கும் மட்டும் கெட்டிக்காரராக இருந்த வீரர் அவர் ஒருவர்தான்.

1988 சித்திரையில் கடைசி ஆட்டம் பக்கத்து நகரமான சோஸ்டில். இங்கேயிருந்து ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. வென்றால் மேல் பிரிவுக்குப் போகலாம். மாஸ்டர் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அன்று பின்னேரம் அவர் பஸ் எடுத்து நகரத்தின் தெற்கு மூலைக்கு, றீனர்ன் என்ற பகுதிக்குப் போனார். அங்கே வீதியோரம் ஊரின் பெயர் எழுதிய மஞ்சள் பலகை நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு தொலைபேசிக் கூண்டு. சோஸ்டுக்கு ஆகக்கிட்ட அவர் நிற்கக்கூடிய இடம் அதுதான். ஆட்டம் முடிந்ததும் அணிக் கூட்டாளி, மன்னி என்ற ஜெர்மன்காரர், அந்தக் கூண்டுக்கு எடுப்பதாகப் பேச்சு. உள்ளே விளையாட்டுக் காற்சட்டையோடு, மேலே குளிர்ச்சட்டையோடு போய் நின்றார். ஏன் விளையாட்டுக் காற்சட்டை என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார்.

தொலைபேசி அடித்தது. ஒரு புள்ளியால் தோல்வி.

அணி அடுத்த வருடம் கலைந்தது. ஊதியம் பெற்ற வாழ்க்கை அதோடு முடிந்தது, சொசேஜும்தான்.

பிறகு மாஸ்டருக்கு வதிவிட அனுமதி வந்தது, வேலை வந்தது, பிளோறன்ஸ் அன்ரி வந்தா, பயிற்சியாளர் பத்திரம் வந்தது, ஜெர்மன் கடவுச்சீட்டும் வந்தது. லூர்துக்குப் போனார். ஒவ்வொரு ஆவணியிலும் கேவலார் மாதாவிடம் போகிறார். கனடாவுக்குக் கலியாணத்துக்குப் போனார். ஆனால் இருபது வருடமாக எங்களுக்குப் பயிற்சி தரும் மனிதர், கூடைப்பந்துக்காக ஹம் எல்லையை ஒரு தரமும் தாண்டவில்லை. வெளியூர் ஆட்டமென்றால் முழங்கால் நோகும். இல்லாவிட்டால் வேலை மாறும். இல்லாவிட்டால் பிளோறன்ஸ் அன்ரியின் தம்பி நோர்வேயிலிருந்து வருவார். அந்தத் தம்பி ஒரு பருவத்தில் ஒன்பது தரம் வந்திருக்கிறார், ஒருவரும் கண்டதில்லை.

அவருக்குப் பதிலாகக் கல்யாணசுந்தரம் அண்ணை எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். மாஸ்டர் வீட்டிலிருந்து தொலைபேசியில் பயிற்சி தருவார். எங்கள் அணியின் தலைவி நடாலி தொலைபேசியை ஆட்டக்காரர் உட்காரும் வாங்கிலில் வைப்பாள். அது கிடந்து "கையை உயத்து! பின்னால ஓடு!" என்று கத்தும். யார் ஓடவேண்டும், எங்கே ஓடவேண்டும் என்று அதற்குத் தெரியாது. முப்பது புள்ளியால் தோற்றுக்கொண்டிருக்கும்போது "வெல்லுறம் மாஸ்டர்" என்று ஒருவன் சொல்லிவிட்டான். அவர் பிளோறன்ஸ் அன்ரியைக் கொண்டு கேக் செய்வித்து வைத்திருந்தார். தோற்று வந்து அந்தக் கேக்கைத் தின்றோம். நல்ல கேக். அந்த ஒருவன் யாரென்று நான் ஏன் சொல்லவேண்டும்.

அணிப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டம் 'வீட்டு ஆட்டம்'. அவருக்கும் தெரியும்.

போன மாசியில் ஒரு புதன்கிழமை பின்னேரம் மாஸ்டரின் தொலைபேசி அடித்தது. சோஸ்டிலிருந்து பிறிங்மன் என்று ஒருவர். கரகரத்த குரல், எழுபது வயது மதிக்கலாம். மரியாதை தெரிந்த மனிதர். தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே மாஸ்டர் சாப்பிட்டாரா என்று விசாரித்தார். அதன் பிறகுதான் வம்புக்கு வந்தார். எண்பத்தெட்டில் சோஸ்ட் அணியில் தான் விளையாடியதாகவும், இடக்கைக்காரத் தமிழன் பயந்து வீட்டிலே ஒளித்திருந்தபடியால் ஆட்டம் சுவையில்லாமல் போனதாகவும், பங்குனி கடைசி ஞாயிறு பழைய ஆட்கள் மறுபடி ஆடப்போவதாகவும், ஆண்பிள்ளையென்றால் அதே மண்டபத்துக்கு வரும்படியும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பயிற்சிக்கு வந்த மாஸ்டர் எங்களை வட்டமாக நிற்கவைத்தார்.

"சோஸ்டில இருந்து பிறிங்மனெண்டு ஒருத்தன் எடுத்தவன். ஆட்டத்துக்குக் கூப்பிடுறான். அவ்வளவுதான். நான் போறன்."

ஒருவன் பந்தைக் கைநழுவ விட்டான். அது தன்பாட்டில் துள்ளி ஓய்ந்தது.

"முழங்கால்?" என்று கேட்டாள் நடாலி.

"இருக்கு. ரெண்டும் இருக்கு."

"அன்ரியின்ர தம்பி?"

"அவனை நோர்வேயில நிக்கச் சொல்லிட்டன்."

அடுத்த நாளிலிருந்து மனிதர் ஓடத் தொடங்கினார். வேலைக்குப் போகமுதல் கால்வாய்க் கரையோரம், பிளோறன்ஸ் அன்ரியின் ஊதா நிற மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு, வாத்துகள் பயந்து தண்ணீருக்குள் இறங்க இறங்க ஓடினார். சோறு பாதியானது. இறைச்சி நின்றது. பிளோறன்ஸ் அன்ரி கல்யாணசுந்தரம் அண்ணையைப் பிடித்துக்கொண்டா.

"இந்த மனிசன் செத்துக்கித்துப் போனால் மலரில வாழ்த்துப் பக்கத்தை அஞ்சலிப் பக்கமா மாத்திறதுக்கு இடம் விட்டு வையுங்கோ அண்ணை. படம் நான் தாறன். கறுப்புக் கோட்டோட எடுத்த படம் இருக்கு."

மாஸ்டர் பழைய அணிக்காரரைத் தேடினார். ஒருவர் இறந்துபோயிருந்தார். ஒருவர் ஸ்பானியத் தீவான மயோர்க்காவில். இன்னொருவரின் மகள் தொலைபேசி எடுத்து, அப்பாவுக்கு இப்போது பந்து என்றால் என்ன என்று தெரியாது என்று சொல்லி அழுதாள். மன்னி மட்டும் கிடைத்தார். ஓய்வுபெற்ற லொறிச் சாரதி, இடுப்பு எலும்பு புதிது. "இடுப்புக்கு இன்னும் உத்தரவாதம் இருக்கு, வாறன்" என்றாராம்.

பயிற்சி முடிந்து பந்துகளைப் பைக்குள் போடும்போது நடாலி மெதுவாகச் சொன்னாள்.

"ஆரோ பகிடிக்கு எடுத்திருந்தால்? மாஸ்டர் அங்க போய் நிக்கேக்க மண்டபம் பூட்டியிருந்தால்?"

"அப்பிடிச் செய்யிறவன் மனிசனே இல்லை" என்று கல்யாணசுந்தரம் அண்ணை சொன்னார்.

நடாலி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் என்னைப் பார்த்தாள் என்று தெரியவில்லை. எனக்குச் சளி பிடித்திருந்தது, மூக்கைச் சிந்தப் போய்விட்டேன்.

அந்தக் கிழமை எனக்கு சோஸ்டில் ஒரு சொந்த அலுவல் வந்தது. அடுத்த கிழமையும் வந்தது. அதைப்பற்றி இங்கே எழுத இடம் போதாது. மலரில் எனக்குத் தந்தது நாலு பக்கம்தான்.

ஞாயிறு வந்தது. மாஸ்டர், மன்னி, நடாலி, நான், ஆள் போதாமல் பிடித்துச் சேர்த்த கல்யாணசுந்தரம் அண்ணை. ஐந்து பேர். அண்ணை வாழ்க்கையில் கூடைப்பந்தைக் கையால் தொட்டது பரிசளிப்பு விழாக்களில்தான்.

ரயிலில் மாஸ்டர் உட்காரவில்லை. கதவோரம் நின்றார். ஹம் பின்னால் போனது. வயல்கள் வந்தன. "மாஸ்டர், இதோட ஹம் சரி" என்று நடாலி சொன்னாள்.  அவருடைய கைகள் குளிர்ச்சட்டைப் பைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தன. அந்த நேரம் பார்த்துப் பயணச்சீட்டுப் பரிசோதகர் அம்மா வந்தா. மாஸ்டர் நிமிர்ந்து நின்று, உள்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

கடவுச்சீட்டை.

அந்த அம்மா அதைத் திருப்பிப் பார்த்தா. "பயணச்சீட்டு மட்டும் போதும் ஐயா" என்று ஜெர்மன் மொழியான டொச்சில் சொல்லித் திருப்பிக் கொடுத்தா.

இந்த இடத்துக்கு ஒரு நல்ல பகிடி யோசித்து வைத்திருந்தேன். வெட்டிவிட்டேன்.

சோஸ்ட் மண்டபம் பூட்டியிருக்கவில்லை. உள்ளே லோமன் என்ற நெட்டைக் கிழவரும், வியாழக்கிழமைகளில் அவரோடு விளையாடும் நாலு கிழவர்களும் நின்றார்கள். லோமன் எண்பத்தெட்டிலும் ஆடியவர், அந்தப் பருவத்தில் ஹம்முக்கு வந்து மாஸ்டரிடம் தோற்றவர். மாஸ்டரைக் கண்டதும் தன் இடக்கையைத் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டினார். அதைவிட வேறு அறிமுகம் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்தார்கள். லோமனின் நெஞ்சுக்குள் மாஸ்டரின் தலை போய்விட்டது.

"பிறிங்மன் எங்கே?" என்று மாஸ்டர் கேட்டார்.

லோமன் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறிங்மனுக்குக் காய்ச்சல் என்றார்.

"பாவம்" என்று மாஸ்டர் தமிழில் சொன்னார். "நேரத்துக்குச் சாப்பிடாமல் திரிஞ்சிருப்பார்."

ஆட்டத்தை வர்ணிக்கச் சொல்லிக் கல்யாணசுந்தரம் அண்ணை கேட்டிருக்கிறார். சரி. அண்ணை இரண்டு தரம் பந்தை எடுத்தார், இரண்டு தரமும் எதிரணிக்குக் கொடுத்தார், இரண்டாம் தரம் கை கூப்பிக் கொடுத்தார். மன்னி நடுவில் நாட்டிய கம்பம்போல நின்றார். பந்து அவரில் பட்டு வந்தால் நாங்கள் எடுத்துக்கொண்டோம். நடாலி ஓடினாள். மாஸ்டர் முதல் பாதி முழுக்க எறிந்ததெல்லாம் பலகையில் பட்டது, சுவரில் பட்டது, ஒன்று லோமனின் மனைவி கொண்டுவந்த உருளைக்கிழங்குச் சலாதுக்குள் போனது. இடைவேளையில் அவர் முகம் சாம்பல் நிறம். "மாஸ்டர், இருங்கோ" என்று நடாலி சொன்னாள்.

"முப்பத்தேழு வருசம் இருந்திட்டன். இனி இரு எண்டு சொல்லாதை."

கடைசி நிமிடங்களில் நான் அவருக்குப் பந்தைக் கொடுத்தேன். கூடைக்கு முதுகு காட்டி நின்றார். லோமன் பின்னால் நின்று மறித்தார். மாஸ்டர் ஒரு அடி வலப்பக்கம் வைத்து, இடக்கையைத் தலைக்கு மேலாகச் சுழற்றினார். லோமன் கையை உயர்த்தினார். உயர்த்தினார் என்றுதான் எழுதுகிறேன். கை அவ்வளவு உயரவில்லை என்றும் சிலர் சொல்லலாம். பந்து வளையத்தில் ஒரு முறை சுற்றி உள்ளே விழுந்தது.

ஊதா மழைச்சட்டை இல்லாமலே அவர் மண்டபத்தைச் சுற்றி ஓடினார். நடுவர் விசில் ஊதினார். இவரும் பதிலுக்குத் தன் விசிலை ஊதினார்.

பதினெட்டுப் புள்ளியால் தோற்றோம். திரும்பி வரும்போது மாஸ்டர் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொன்னார்: "வெளி ஆட்டம் கஷ்டம்தான். சும்மாவே அவங்கட மண்டபம், அவங்கட நடுவர், என்னெண்டு வெல்லுறது?" தோற்ற மனிதர் இவ்வளவு சந்தோசப்பட்டு நான் கண்டதில்லை. மடியில் ஒரு பை. லோமன் கொடுத்தனுப்பிய சுட்ட சொசேஜ். எங்களுக்கு ஆளுக்கு ஒன்று தந்தார், மிச்சத்தைத் தரவில்லை. சம்பளமாம்.

அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு ஹம்முக்கு வெளியே, ஊனா நகரத்தில் ஆட்டம். மாஸ்டர் வந்தார். வாங்கிலில் கிடந்து கத்தும் தொலைபேசியை வைத்துக்கொண்டாவது வென்றிருக்கலாம். நேரே நின்று கத்தும் மாஸ்டரோடு நாற்பது புள்ளியால் தோற்றோம். வாழ்க்கைக் குறிப்பு இத்தோடு முற்றிற்று என்று எழுதி, அச்சுக்குப் போகமுதல் அவரிடம் காட்டச் சொன்னபடியால் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மண்டபத்து வாங்கிலில் இருந்து, விசிலை வாயில் வைத்துக்கொண்டு வாசித்தார். சிரிப்பு வந்த இடங்களில் விசில் மெல்லக் கீச்சிட்டது.

"வயிறு உண்டு எண்டு எழுதினதை வெட்டு."

"ஓம் மாஸ்டர்."

"லோமன் கையை நல்லா உயத்தினவர்."

"ஓம் மாஸ்டர்."

இன்னும் கொஞ்சம் வாசித்தார். கீச்சு நின்றது. விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"பிறிங்மன் நான் சாப்பிட்டனோ எண்டு கேட்டதை உனக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். அண்டைக்கு வட்டமா நிக்கேக்க."

"அண்டைக்கு நான் சொன்னதையும் நீதான் இதில எழுதியிருக்கிறாய். ஆட்டத்துக்குக் கூப்பிடுறான், அவ்வளவுதான். சாப்பாட்டுக் கதையை நான் பிளோறன்ஸுக்கும் சொல்லேல்லை."

நான் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தேன்.

"நாப்பது வருசமா இந்த நாட்டில இருக்கிறன்ரா. முன்பின் தெரியாத ஆளுக்குப் போன் எடுத்து, பேரைச் சொல்லமுதல் சாப்பிட்டியோ எண்டு கேக்கிற டொச்சுக்காரன் இன்னும் பிறக்கேல்லை. எனக்கு அந்த நிமிசமே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ ஓடினனீங்கள்? அவ்வளவு வாத்தும் பயந்து?"

"நான் கால்வாயில ஓடினால், நீ பயந்துபோய் சோஸ்டுக்கு ஓடுவாயெண்டும் தெரியும். வேற ஆர் எனக்கு அந்த ஆட்டத்தை ஒழுங்கு செய்து தாறது?"

தாள்களை மடித்து என் கையில் வைத்தார். பக்கத்தில் பிளோறன்ஸ் அன்ரி பொரித்துக் கொடுத்துவிட்ட றோல்ஸ் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். தொண்டையைச் செருமி, குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு கேட்டார்.

"பிறிங்மன் ஐயா, சாப்பிட்டியளோ?"